பதினாலு கிராம் முளை

ஜெயலெட்சுமிக்குக் கோபம் வந்தால் முதலில் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். பிறகுதான் வாய் திறக்கும். அன்று பதுளைக் கடைத்தெருவில், றில்வானின் கடை மேசைமேல் அவள் வைத்தது பன்னிரண்டு இரும்பு முளைகள். கூடாரத்தை நிலத்தோடு இழுத்துக் கட்டுகிற முளைகள். அவை விழுந்த சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"இதுகள நீங்களே முதுகுல கட்டிக்கிட்டு மலை ஏறுங்க நானா. நான் கீழ நின்னு பாக்குறேன்."

அவள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் றில்வான் கெட்டவன் இல்லை. அவனுடைய வாப்பா காலத்திலிருந்து அந்தக் கடை தோட்டத்து ஆட்களுக்குக் குடையும் றப்பர் சப்பாத்தும், கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கும் விற்றுவந்தது. இரண்டு வருஷமாகத்தான் கொழும்பிலிருந்து மலை ஏற வருகிறவர்களுக்கு அவன் கூடாரம் வாடகைக்கு விடுகிறான். அந்தக் கூடாரங்களைச் சுமந்துபோய்க் கட்டிக்கொடுத்து, மறுநாள் அவிழ்த்துக்கொண்டு வருவது ஜெயலெட்சுமியின் வேலை. பத்து வருஷம் கொழுந்து எடுத்துவிட்டுத் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டிக்கொண்டு வந்தவள். மூன்று கூடாரமும் அவள் ஒருத்தியின் முதுகில்தான் ஏறும்.

"என்னத்துக்கு இப்பிடிக் கோவப்படுறீங்க தங்கச்சி? இரும்பு தானே பலம்? கச்சான் காத்துக்கு வேற எது நிக்கும், செல்லுங்க பாப்பம்."

"ஒண்ணு எண்பது கிராம். ஒரு டென்ட்டுக்குப் பன்னெண்டு. மூணு டென்ட்டுக்கு மூணு கிலோ கிட்ட வருது. முளை மட்டும் மூணு கிலோ! அதுவும் நிக்குதா? உருண்டை இரும்பு. மண்ணு ஈரமானா பொங்கப்பானையில வச்ச அகப்பை மாதிரி இழுத்த கையோட வந்துருது."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மூன்று கிலோவும் அப்படித்தான். மேசைக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு அது ஒரு எண். மடுல்சீமை ஏற்றத்தில் போகிறவளுக்கு முழங்கால். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்று இரண்டு கிலோ கழித்த காலமெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. முதுகுக்கு என்று யாரும் எதையும் கழித்ததில்லை.

றில்வான் உள்ளே போய் மூன்று பொட்டலங்களைக் கொண்டுவந்தான். ஒன்று பிளாஸ்டிக் முளை. மற்றது டைட்டானியக் கம்பியை வளைத்துக் கொக்கிபோலச் செய்தது, ஆறே கிராம். மூன்றாவது அலுமினியம், மூன்று விளிம்பு உள்ளது, ஒரு சாண் நீளம்; பதினாலு கிராம். தலையில் சின்னக் கயிற்று வளையம், உடம்பு முழுக்க ரத்தச் சிவப்பு.

"இந்தக் கொக்கியப் பாருங்க, கையில ஈக்கிறதே தெரியாது. இதுதான் ஆக லேசு" என்றான்.

"லேசா இருந்தா மட்டும் போதுமா? கொண்டுபோய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."

ஒரு வாரம் பார்த்தாள். அவள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே, தோட்டம் கைவிட்ட பழைய தேயிலை மலையில் ஒரு தட்டை இருக்கிறது. மானாப்புல் மண்டிய இடம். அங்கே ஒவ்வொரு வகையிலும் ஒன்றை அறைந்து, கயிறு கட்டி, மறுமுனையில் தண்ணீர் நிரப்பிய கலனைக் கட்டிச் சரிவில் தொங்கவிட்டாள். பிளாஸ்டிக் முதல் கல்லிலேயே தலை உடைந்தது. டைட்டானியக் கொக்கி கல்லிடுக்கில் நன்றாக இறங்கியது. ஆனால் காற்று கயிற்றை ஆட்டியதும் கொக்கி மெல்லத் திரும்பிக் கயிற்றை விட்டுவிட்டது. இளகின மண்ணிலோ அது வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி மண்ணை அறுத்துக்கொண்டு வந்தது. மேலும் சாம்பல் நிறம். புல்லுக்குள் ஒன்றைத் தவறவிட்டுவிட்டு அரைமணி நேரம் தடவித் தேடினாள். மூன்று விளிம்பு அலுமினியம் மட்டும் கலனைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து அறைந்தால் இரண்டு கலன் கட்டினாலும் தாங்கியது. சிவப்பு என்பதால் பத்தடி தூரத்திலிருந்தே கண்ணில் பட்டது.

"இதுதான் வேணும். சிவப்பே குடுங்க" என்று திரும்பிவந்து சொன்னாள். முப்பத்தாறும் சேர்த்து அரைக்கிலோ. அந்தச் சிவப்புதான் பிறகு வந்த வினைக்கெல்லாம் காரணம். அதை அவள் அப்போது எங்கே கண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கைவிட்ட மலைத் தட்டையில் முதல் தடவையாக மூன்று கூடாரம் எழும்பின. அனுமதிக்கு றில்வான் தோட்டத்து உதவி மேலாளரான சின்னத் தொரைக்கு ஒரே ஒரு போன்தான் எடுத்தான். தேநீர் ஆறுவதற்குள் கிடைத்துவிட்டது. தட்டையின் கீழ் முழுக்கக் கல். காற்றைத் தாங்குகிற வெளி முளைகளுக்கு, கூடாரம் ஒன்றுக்கு நாலு வீதம், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடம் தேடுவதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மறுநாள் காலையில் எல்லாவற்றையும் பிடுங்கியவள், அந்தப் பன்னிரண்டை மட்டும் விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை அடுத்த கூட்டம் அதே இடத்துக்குத்தான் வருகிறது. மறுபடி எதற்குக் கல்லோடு மல்லுக்கட்ட வேண்டும்?

கூடாரங்களைக் காயப்போடப் பதுளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அப்படியே தெமோதரைக்குப் போனாள். தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்தது. நாலு நாள் பத்தியச் சமையலும் துணி துவைப்புமாக அங்கே நின்றாள். லயத்தில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பரா பூட்டியிருந்தது. புருஷன் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில். தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கு லயத்தில் சிக்னல் கிடையாது, போன் எடுக்காது. ஆகவே அங்கே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு மூட்டையோடு அவள் ஏறிவந்தபோது, பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் "எப்ப வந்த?" என்று கேட்கவில்லை. லயத்துப் பையன் கிருஷ்ணராஜ் மட்டும் கல்லில் உட்கார்ந்திருந்தான், தலையில் கட்டுடன்.

"என்னடா ஆச்சு மண்டைக்கு?"

"நாலு தையல். மம்மட்டிப் புடியால தலைவரு மருமவன் அடிச்சான்." ஏதோ பரிசு வாங்கினதுபோலச் சொன்னான். "காணி அளந்துட்டாங்கக்கா. மேல பழைய மலையில. மூணே மூணு துண்டு. இருபத்திரண்டு குடும்பத்துக்கு மூணு! நான் ஒரு கட்டையப் புடுங்கி ரெண்டடி தள்ளி நட்டேன். அதுக்குத்தான்."

"யாரு அளந்தது?"

"யாருக்குத் தெரியும்? திங்கக்கெழம வெறகுக்குப் போனவங்க பாத்தாங்க. சிவப்புக் கட்டை. மாடசாமி தலைவரு சொன்னாரு, நான்தான் கொழும்பு வரைக்கும் பேசி அளக்க வச்சேன், இது மொதல் கட்டம்னு. ஒண்ணு அவருக்கு, ஒண்ணு மருமவனுக்கு. மூணாவது பெரியாயி அக்காவுக்கு."

ஜெயலெட்சுமி மூட்டையைக் கீழே வைத்தாள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், பனம்பழத்தை நானே தள்ளினேன் என்று சொல்கிற ஜாதி மாடசாமி. சங்கத்தின் தோட்டத் தலைவர். இருபது வருஷமாக மேடைக்கு மேடை, குடும்பத்துக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி, ஏழு பேர்ச் காணி என்று முழங்கிய தொண்டை. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் கொழும்பு வரை பேசினானாம்! சிவப்பு முளையைக் கண்டதும் அவருக்கே அது நிஜமாகத் தோன்றியிருக்கலாம். பேசிப் பேசி ஒருநாள் பலித்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ. ஆனால் தனக்கும் மருமகனுக்கும் பிரித்துக்கொள்ள ஒரு நாள்கூடத் தயங்கவில்லை. பெரியாயிக்கு ஒன்று கொடுத்தது, மற்றவர்கள் வாயை அடைக்க.

பெரியாயிக்கு என்றால் யாரும் வாய் திறக்க முடியாதுதான். ஜெயலெட்சுமியின் அடுத்த காம்பராக்காரி. போன மழையில் அவள் காம்பராவின் பின்சுவர் கை நுழைகிற அளவுக்குப் பிளந்துவிட்டது. இங்கே தங்காதே என்று எழுதி ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கே தங்குவது என்று அந்தத் தாளில் இல்லை. எட்டு மாதமாக அவளும் மகளும் பிள்ளைமடுவத்தில் படுக்கிறார்கள். காலையில் பிள்ளைகள் வருவதற்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

"ஒனக்குத் தோணலயா கிருஷ்ணா, நான் அங்கதான் டென்ட்டுக் கட்டினேன்னு?"

"நீ எப்பவும் இரும்பு ஆணிதானே அடிப்ப? ஒண்ணு விடாமக் கொண்டுபோயிருவியே. இது வேற கட்டைக்கா. நல்ல கலரு, கவுருமெண்டுக் கட்டை."

அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு மலை ஏறினாள்; கிருஷ்ணராஜும் பின்னாலேயே வந்தான். கூட்டத்தார் வேனில் ஐந்து மணிக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் மூன்று கூடாரமும் நிற்க வேண்டும். இல்லையென்றால் றில்வானுக்குப் பெயர் கெடும். அவளுக்கு வேலை போகும். மறுபடி போய், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, பேரைப் பதிந்துகொள்ளுங்கள் ஐயா என்று கெஞ்ச வேண்டும். அவள் நடையைக் கூட்டினாள்.

தட்டையில் ஊரே நின்றது. புல்லைச் செதுக்கிச் சுத்தமாக்கியிருந்தார்கள். அவளுடைய பன்னிரண்டு முளைகளுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. தலைக்குத் தலை ஒரு செம்பருத்திப் பூ. மூலையில் உடைத்த தேங்காய், கற்பூரம் எரிந்த கறுப்பு. மாடசாமியின் துண்டில் ஏற்கெனவே ஒரு வாழைக்கன்று நட்டாயிற்று. மூன்றாவது துண்டின் நடுவில், ஒரு அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில், பெரியாயி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வா லெச்சுமி" என்றாள் பெரியாயி. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு தெளிவு. "அம்மியத் தூக்கிட்டு வந்துட்டேன். வெறும் எடமா கெடந்தா எவனாச்சும் புகுந்துருவான்ல? ஒம்போது தடவ எறக்கி எறக்கி வச்சுத் தூக்கினேன். இடுப்பு போச்சு."

பதினாலு கிராம் முளை. அதை நம்பி முப்பது கிலோ அம்மி மலை ஏறியிருக்கிறது. ஜெயலெட்சுமிக்கு அழுகை வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். வந்தது கோபம். எல்லார் மேலும் வந்தது. மாடசாமி மேல், பொட்டு வைத்தவர்கள் மேல், மண்டையை உடைத்தவன் மேல், உடைபட்டவன் மேல், சோம்பேறித்தனத்தில் பன்னிரண்டையும் விட்டுவிட்டுப் போன தன் மேல். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தது பெரியாயி. பாய்வது எப்போதும் பக்கத்தில் இருப்பவர்கள் மேல்தானே.

"எந்திரிக்கா" என்றாள். "இது காணியும் இல்ல, கோணியும் இல்ல. இது என்னோட டென்ட் ஆணி. நான் அடிச்சது. நான்தான் விட்டுட்டுப் போனேன்."

அவள் குனிந்து ஒரு முளையைப் பிடுங்கி, குங்குமத்தை முந்தானையில் துடைத்து, மூட்டையிலிருந்த இருபத்துநாலில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒன்று.

முணுமுணுப்பு எழுந்தது. மாடசாமி தொண்டையைச் செருமினார். "லெச்சுமி, ஒனக்குத் தெரியாத விசயத்துல தலையிடாத. அளந்தவங்க ஒன்னோட ஆணியையே பாத்து அளந்திருக்கலாம்..."

"வாய மூடுங்க தலைவரே!" அவள் குரல் மலையில் பட்டுத் திரும்பியது. பிறகு எல்லாரையும் பார்த்துக் கத்தினாள். "கண்ணு அவிஞ்சா போச்சு ஒங்களுக்கு? ஏழு பேர்ச்சு ஏழு பேர்ச்சுன்னு கத்துறீங்களே, இதப் பாத்தா ஏழு பேர்ச்சு மாதிரியா இருக்கு? பத்தடிக்குப் பன்னெண்டடி! ராத்திரிக்கு மூணு பேரு சுருண்டு படுக்கிற எடம். இதுல எவளாச்சும் வீடு கட்டுவாளா? இதுக்கா மண்டைய ஒடச்சிக்கிட்டீங்க? இதுக்கா அம்மியத் தூக்கிட்டு வந்த? ஒனக்குப் புத்தி இல்ல?"

பெரியாயி எழுந்திருக்கவில்லை. அம்மியின் மேல் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்ம காம்பரா எத்தன அடிடி?"

ஜெயலெட்சுமி கையிலிருந்த முளையைப் பார்த்தாள். பதில் தெரியும்.

"நான் அளந்து பாத்தேன்" என்றாள் பெரியாயி. "காலால அளந்தேன். இந்தக் கட்டையிலேருந்து அந்தக் கட்டைக்குப் பன்னெண்டு. இந்தப் பக்கம் பத்து. காம்பராவுக்கு அச்சு அசல் அதே அளவு. அதனாலதான்டி நம்பினேன். பெருசா இருந்திருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். நமக்குக் குடுக்கிறதுன்னா இவ்வளவுதானே குடுப்பாங்க?"

காற்று மானாப்புல்லை ஒரு பக்கமாகப் படுக்கவைத்துக்கொண்டிருந்தது. கிருஷ்ணராஜ் தன் தலைக்கட்டைத் தடவிக்கொண்டான். அவனும் அதே கணக்குத்தான் போட்டிருக்கிறான். எல்லாரும் அதே கணக்குத்தான். ஐந்து தலைமுறையாக அந்தக் காம்பராவுக்குள் பிறந்து, குடித்தனம் நடத்தி, அதற்குள்ளேயே பிணமாகப் படுத்தவர்களுக்கு, தருகிற கை எவ்வளவு தரும் என்பதற்கும் அதுதான் அளவு.

ஜெயலெட்சுமியின் கோபம் அங்கேயே நின்றுகொண்டு திசை மாறியது. கூடாரத்துக்கு இடம் கேட்க ஒரு போன் போதுமாயிருந்தது. முன்பின் தெரியாத மூன்று குடும்பத்துக்கு ஒரு ராத்திரிக்கு. இந்த இருபத்திரண்டுக்கு எத்தனை போன், எத்தனை மேடை, எத்தனை வோட்டு! அவள் மெல்லத் திரும்பினாள்.

"தலைவரே, ஏழு பேர்ச்சுன்னா எவ்வளவு?"

"என்ன கேள்வி இது? ஏழு பேர்ச்சுன்னா ஏழு பேர்ச்சு."

"காட்டுங்க. இங்கேருந்து எது வரைக்கும்? நடந்து காட்டுங்க."

மாடசாமி சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டார், வேட்டியைச் சரிசெய்தார், வாழைக்கன்றைப் பார்த்தார். இருபது வருஷம் கேட்ட பொருளின் நீள அகலம் அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஜெயலெட்சுமிக்கும் தெரியாது. அதுதான் அவளை ஆகச் சுட்டது.

தட்டையின் மேற்கோடியில் ஒரு பாறை உண்டு. அதன் மேல் ஏறினால் போன் எடுக்கும். ஏறினாள்.

"நானா, ஏழு பேர்ச்சு எத்தன அடி?"

"டென்ட்டுக் கட்டிட்டீங்களா? வேன் பசறை தாண்டிட்டுது..."

"அத விடுங்க நானா! நீங்க டவுன்ல காணி வாங்கினவரு. ஏழு பேர்ச்சு எத்தன அடி, சொல்லுங்க."

அவன் கணக்குப் பொறியைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஒரு பேர்ச் எரநூத்தி எழுவத்திரண்டு சதுரஅடி. ஏழுக்கு ஆயிரத்தித் தொள்ளாயிரம் வருது. நாப்பதடிக்கு நாப்பத்தெட்டுண்டு வெச்சிக்கோங்க, சரியா ஈக்கும். என்னத்துக்கு?"

அவள் பதில் சொல்லாமல் இறங்கினாள். கூடாரக் கயிறு ஒவ்வொன்றும் எட்டடி. அவளே அளந்து வெட்டியது. நாற்பதுக்கு ஐந்து கயிறு, நாற்பத்தெட்டுக்கு ஆறு. பெரியாயியின் அம்மிக்குப் பக்கத்திலிருந்த முளையை முதல் மூலையாக வைத்துக்கொண்டாள்.

"கிருஷ்ணா, இந்த முனையப் புடி. நட."

அவன் நடந்தான். ஒரு கயிறு, இரண்டு கயிறு. மருமகனின் துண்டு தாண்டியது. மாடசாமியின் துண்டு தாண்டியது. ஐந்தாவது கயிறு வாழைக்கன்றுக்கும் அப்பால் போய் முடிந்தது. ஜெயலெட்சுமி அங்கே ஒரு முளையைக் கல்லால் அறைந்தாள். பிறகு சரிவின் பக்கம் திரும்பி ஆறு கயிறு. ஆட்கள் விலகி விலகி வழி விட்டார்கள். விலக விலகக் கயிறு அவர்கள் பின்னாலேயே வந்தது. "இன்னுமா?" என்று ஒரு பெண் கேட்டாள். "இன்னும் ரெண்டு" என்றான் கிருஷ்ணராஜ். நாலாவது மூலையில் கல் இருந்தது. அவள் இரண்டு முறை இடம் மாற்றி, மூன்றாவது முறை இறக்கினாள்.

மூன்று துண்டும் அதற்குள் அடங்கி, ஒரு ஓரமாகக் கிடந்தன. தலை உடைந்த சண்டை முழுவதும் ஒரு குடும்பத்துக்குச் சொன்ன இடத்தில் நாலில் ஒரு பங்குக்குள் நடந்திருக்கிறது.

"இதுதான் ஏழு பேர்ச்சு" என்றாள் ஜெயலெட்சுமி. மூச்சு வாங்கியது. "ஒருத்தருக்கு. ஒரு குடும்பத்துக்கு."

முதலில் பெரியாயிதான் எழுந்தாள். கயிற்றை ஒட்டி நடந்தாள். ஒரு மூலை, இரண்டு மூலை. மூன்றாவது மூலையில் நின்று, தாண்டலாமா என்று கேட்பதுபோல வெளியே பார்த்தாள். மறுபடி நடந்தாள். சுற்றிவந்து, குனிந்து, அம்மியை ஒரு முழம் நகர்த்தினாள். பிறகு இன்னொரு முழம். நடுவில் வைக்கவும் முடியவில்லை, ஓரத்தில் வைக்கவும் மனம் வரவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டாள்:

"இவ்வளவு எடத்துல அம்மிய எங்கடி வைக்கிறது?"

யாரோ ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. பிறகு ஒரு ஆண் குரல், மெதுவாக: "இவ்வளவா? இவ்வளவயா நம்மகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தானுங்க?" அதற்குப் பிறகு எல்லாருமே பேசினார்கள். ஒருவர்கூட மாடசாமியை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரைத் தாண்டித் தாண்டிப் போய் மூலை மூலையாக முளையைத் தொட்டுப் பார்த்தார்கள். மருமகன் வாழைக்கன்றைத் தானே பிடுங்கிக்கொண்டு இறங்கினான்.

வேன் வந்தபோது மூன்று கூடாரமும் நின்றன. தட்டையில் அல்ல, கீழே மழைநீர் ஓடும் பழைய கான் ஓரத்தில். நாலு முளை குறைந்த இடத்துக்குக் கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சியைச் சீவி அறைந்திருந்தாள். மேலே ஏன் கட்டவில்லை என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "அது ஒருத்தரோட எடங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பதுளைக் கடையில் றில்வான் முளைகளை எண்ணினான். இரண்டாம் தடவையும் எண்ணினான்.

"முப்பத்திரண்டு தான் ஈக்கி. நாலு காணாமப் போயிட்டுதா தங்கச்சி? சிவப்பு எண்டா காணாமப் போகாது எண்டீங்களே."

"காணாமப் போகல. சின்னத் தொரை நேத்துக் காலையில வந்து புடுங்கிட்டாரு. அத்துமீறி முளை அடிச்சிருக்காம். அனுமதி டென்ட்டுக்குத்தானாம்."

றில்வான் உச்சுக் கொட்டினான். அவனுக்கு உண்மையாகவே வருத்தம். "சரி, விடுங்க. பெட்டியில மிச்சம் ஈக்கி. நாலு தாரன்."

"நாலு காணாது. எண்பத்தெட்டு வேணும்."

"எண்பத்தெட்டா? அவ்வளவு டென்ட் எங்கிட்ட எங்க ஈக்கி?"

"டென்ட்டுக்கு இல்ல நானா. இருபத்திரண்டு குடும்பம். வீட்டுக்கு நாலு மூலை. இன்னைக்கே அடிக்கணும். கீழ லயத்துல எல்லாரும் கயிறு வெட்டி வச்சிக்கிட்டு நிக்கிறாங்க."

றில்வான் பழக்கதோஷத்தில் கணக்குப் பொறியை எடுத்துத் தட்டினான். "எண்பத்தெட்டு, பதினாலு கிராம். ஒண்டேகால் கிலோகூட வராது." கீழே கிடந்த பழைய இரும்பு முளைகளைக் காலால் தள்ளினான். "இது எண்டா ஏழு கிலோ. ஆனா இரும்பு எண்டா லேசில புடுங்க ஏலாதே தங்கச்சி?"

ஜெயலெட்சுமி மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டாள். அன்றைக்கு அவள் எதையும் கீழே வைக்கவில்லை.

"அவங்க எதையும் புடுங்குவாங்க நானா. புடுங்கப் புடுங்க நாங்கதானே சொமந்துக்கிட்டு மலை ஏறணும். லேசாவே குடுங்க."